குளிர்மலையில் இரண்டு பேர் சமையல்

1

லால்குடியிலிருந்து என் அண்ணி எழுதிய கடிதம் சென்ற வாரம் வந்தது. பிள்ளைகளின் படிப்பு, அண்ணாவின் மூட்டுவலி எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தாள். “ரெண்டே ரெண்டு பேர். உனக்கென்ன நீலா, சமையல் ஒரு நாழிகை வேலை. மீதி நேரம் மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய்.”

அண்ணி குத்தலாக எழுதுகிறவள் அல்ல. தெரியாமல் எழுதிவிட்டாள். அவளுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். ஒரு தாள் இரண்டாகி, இரண்டு ஆறாகி, கடைசியில் அது அண்ணிக்கு மட்டும் எழுதுவதாக இல்லாமல் போயிற்று. ஊரில் இருக்கிற எல்லோருக்குமாகவே எழுதிவிடுகிறேன்.

நாங்கள் இருப்பது இலங்கையில், அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். என் வீட்டுக்காரர் தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார். இந்தத் தை பிறந்தால் நாங்கள் வந்து பதின்மூன்று வருஷம். மார்கழியிலிருந்து மாசி வரை இங்கே அடிக்கும் குளிரை, காவேரிக் கரையில் விடியற்காலை முழுக்குப் போட்டு நடுங்குகிற குளிரோடு ஒப்பிடாதீர்கள். இங்கே தேங்காயெண்ணெய் போத்தலுக்குள் வெள்ளைக் கட்டியாக நின்றுவிடும். (போத்தல் என்று எழுதிவிட்டேன். நீங்கள் சீசா என்பீர்கள்.) பால் உறை ஊற்றினால் மறுநாளும் பாலாகவே இருக்கும். தோசைக்கு அரைத்த மாவு மூன்று நாளானாலும் அரைத்தபடியே கிடக்கும். வடித்த சோற்றை அடுப்பங்கரையிலிருந்து கூடத்துக்குக் கொண்டுபோவதற்குள் மேல் பருக்கை ஆறிவிடும். குழம்பு ஊற்றிப் பிசைவதற்குள் அடிப் பருக்கையும் ஆறிவிடும்.

இந்தக் குளிரில் இரண்டு பேருக்குச் சமைப்பது எப்படி என்பதை நான் தெரிந்துகொள்ள வெகு காலம் ஆயிற்று. இன்னும் சொன்னால், தெரிந்துகொண்டது நான் அல்ல, அவர்தான்.

2

வந்த புதிதில் காய்கறிகள்கூட எனக்குப் புரியவில்லை. பீன்ஸை இங்கே போஞ்சி என்பார்கள். வெங்காயத் தாளை யாரோ நாலு மடங்கு ஊதிப் பெரிதாக்கிவிட்டதுபோல் ஒன்று இருக்கும், அதற்கு லீக்ஸ் என்று பெயர். முதல் தடவை அதன் பச்சைப் பகுதியை எறிந்துவிட்டு வெள்ளையை மட்டும் சமைத்தேன். பக்கத்து வீட்டில் ஒரு மாதம் சிரித்தார்கள்.

பாஷை அதைவிடப் பெரிய சங்கடம். முதல் மார்கழியில் ஒருநாள் ஹட்டனுக்குப் போய்விட்டுத் திரும்புகையில், மூடுபனியில் பஸ் வராமல் சந்தியில் நின்றுவிட்டோம். பெரியவனுக்கு நாலு வயது, கைக்குழந்தை வேறு. சந்தியில் காய் விற்றுக்கொண்டிருந்த ஒரு சிங்கள அம்மா, தணலில் சுட்ட வற்றாளங்கிழங்கை, நம்மூர்ச் சர்க்கரைவள்ளியை, இரண்டாக ஒடித்து என் கையில் வைத்து, “கன்ன, கன்ன” என்றாள். முன்பின் தெரியாத ஒருத்தி என்னைக் கண்ணா என்று கூப்பிடுகிறாளே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஊரை விட்டு வந்ததிலிருந்து என்னை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை.

பஸ்ஸில் ஏறியபின் அவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். “கன்னன்னா சிங்களத்துல சாப்பிடுன்னு அர்த்தம், நீலா.”

எனக்கு ஏமாற்றமாக இல்லை. பசித்தவளிடம் சொல்வதற்கு அதைவிட என்ன நல்ல வார்த்தை இருக்கிறது?

3

பெரியவனுக்கு ஹைஸ்கூல் படிக்க வேண்டிய வயது வந்ததும் பிள்ளைகள் இருவரையும் லால்குடியில் அண்ணா வீட்டில் விட்டோம். முதல் கடிதங்களில் “நம்ம வீட்டுல பனி விழுதா?” என்று எழுதினார்கள். ஒரு வருஷத்தில் அது “உங்க வீடு” ஆயிற்று. போன புதிதில் சின்னவள் வசந்தா கடையில் போய்ப் பாண் கேட்டாளாம், பேக்கரி ரொட்டிக்கு இங்கே அதுதான் பெயர். கடைக்காரருக்குப் புரியவில்லை, கூட நின்ற பெண்கள் சிரித்திருக்கிறார்கள். லீவுக்கு வந்தபோது நான் பாண் வாங்கியாகிவிட்டதா என்று அவரிடம் கேட்க, “பாண் இல்லம்மா, ரொட்டி. சரியாச் சொல்லு” என்று என்னைத் திருத்தினாள். இங்கே ரொட்டி என்றால் வேறு, கல்லில் சுடுவது. எதைச் சொன்னாலும் எங்கோ ஓரிடத்தில் தப்பாகிவிடுகிறது. லீக்ஸ் வாசனை பிடிக்கவில்லை என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டாள். பிறந்த வருஷத்திலிருந்து அதைத் தின்று வளர்ந்த பெண்.

அவர்கள் போனபின் முதல் வாரம் முழுவதும் நாலு பேருக்குத்தான் சமைத்தேன். கை அப்படிப் பழகியிருந்தது. அரிசியைக் களைந்து உலையில் போட்ட பிறகுதான் நினைவு வரும். மிஞ்சியதை மறுநாள் இருவரும் சாப்பிடுவோம். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

ஒன்றும் சொல்லாததுதான் எனக்குப் பொறுக்க முடியாமல் இருந்தது. பள்ளிக்கூடம் மூன்று மணிக்கு விட்டாலும் ஆறு மணிக்கு வருவார். கூடத்தில் மணையைப் போடுவேன். சாப்பிட்டுவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொள்வார். பிறகு நான் அடுப்பங்கரையில் உட்கார்ந்து ஆறிப்போன சோற்றைத் தின்பேன். இது ஊரில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஊரில் சோறு ஆறாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டு வருஷத்துக்கு முந்தி, எங்கள் வதிவிட அனுமதி முடிய நாலு மாதம் இருக்கும்போது அண்ணா எழுதினார். “உன்னுடையதைப் புதுப்பிக்க வேண்டாம். இங்கே வந்து பிள்ளைகளோடு இரு. மாப்பிள்ளை லீவுக்கு வந்துபோகட்டும்.” இந்தியப் பாஸ்போர்ட்டில் இருக்கிறவர்கள் இங்கே தங்க வருஷா வருஷம் கொழும்பில் போய் அனுமதி வாங்க வேண்டும். வருஷத்துக்கு வருஷம் கேள்விகள் கூடிக்கொண்டேபோயின. போய்விடலாம் என்று மனசுக்குள் முக்கால்வாசி முடிவு செய்துவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை. கடிதத்தை அவரும் படித்தார். அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

4

அந்த மாதத்தில்தான் ராமையாவைப் பார்த்தேன். அதாவது, பல வருஷமாகத் தெரிந்த மனிதரை அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தேன்.

ராமையாவும் அங்கம்மாவும் கீழ் லயத்தில் குடியிருந்தார்கள். லயம் என்றால் வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகள், ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை, காம்பரா என்பார்கள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அங்கம்மா கொழுந்து பறிப்பவள், காலையில் பெரட்டுக்கு, அதாவது பேர் பதிந்து வேலை பிரிக்கும் இடத்துக்குப் போனால் திரும்ப ஐந்து மணியாகும். ராமையா தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர், வேலை இரண்டு மணிக்கு முடிந்துவிடும். மற்ற ஆண்கள் வெயில் காய்ந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வேலை விட்டு வந்த பெண்கள்தான் நனைந்த சேலையோடு அடுப்பு மூட்டுவார்கள்.

ஒருநாள் சாயங்காலம் அங்கம்மாவுக்கு ஊரிலிருந்து வந்த கடிதத்தைப் படித்துக்காட்டப் போயிருந்தேன். மழை பிடித்துக்கொண்டது. அங்கம்மா சொட்டச் சொட்ட வந்தாள். ராமையா அடுப்படியிலிருந்து எழுந்து அவள் முதுகுக் கூடையை இறக்கிவைத்து, தணலில் சூடேற்றிய துணியை நீட்டினார். அவள் உட்கார்ந்ததும் கல்லிலிருந்து ரொட்டி நேரே அவள் தட்டில் விழுந்தது. அடுத்தது அவர் தட்டில். இருவரும் அடுப்புக்கு இரண்டு பக்கமும் குந்தியிருந்து ஒரே தேங்காய்ச் சம்பலைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள்.

பக்கத்துக் காம்பராவிலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான். “என்ன ராமையாண்ணே, பொஞ்சாதிக்குப் பொங்கிப் போட்டாச்சா?”

“ஆச்சுப்பா!” என்றார் ராமையா, வாயில் ரொட்டியோடு. பிறகு என்னைப் பார்த்து, “இது ஒரு பேச்சுங்களாம்மா? அவ நாள் முச்சூடும் மழையில நிக்கிறா. நான் ரெண்டு மணியிலருந்து சும்மா இருக்கேன். யாரு பொங்குனா என்னங்க? சூடா இருக்கணும், அவ்வளவுதான்” என்றார்.

அன்றைக்கு வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த அடுப்பையே நினைத்துக்கொண்டு வந்தேன். என் வீட்டுக் கூடம் எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று தோன்றியது.

5

தை மாதம் ஒரு விடியற்காலையில் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனேன். மலை ஊற்றுத் தண்ணீரைத் தகரக் குழாயில் விழவைத்திருப்பார்கள், அதுதான் பீலி. புல்லெல்லாம் உப்புத் தூவியதுபோல் பனி உறைந்து கிடந்தது. கால் வழுக்கியது. வலிக்குமுன் சத்தம்தான் கேட்டது. பெரட்டுக்குப் போய்க்கொண்டிருந்த அங்கம்மா ஓடிவந்து தூக்கினாள்.

தோட்டத்து லாரியில் நுவரெலியாவுக்குக் கொண்டுபோனார்கள். வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. முழங்கை வரை மாவுக்கட்டு, ஆறு வாரம்.

இரண்டு நாள் பக்கத்து வீட்டுக்காரர்கள் சோறு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் அவர் தாமே அடுப்பு மூட்டினார். சோறு கீழே கருகியும் மேலே வேகாமலும் வந்தது. ரசத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விடுகிறேன். நாற்பத்தேழு வயதுவரை அவர் கரண்டியைத் தொட்டதில்லை. தட்டைத் தள்ளிவைத்தார். பிறகு மேல்சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

அரைமணி கழித்து ராமையாவோடு வந்தார்.

ராமையா அடுப்பங்கரை வாசலில் நின்றுவிட்டார். எங்களுடையது சைவச் சாப்பாட்டு வீடு. லயத்திலிருந்து யாரும் அந்த நிலையைத் தாண்டியதில்லை. தாண்டக் கூடாது என்று நாங்கள் சொன்னதில்லை, தாண்டச் சொன்னதும் இல்லை.

“நான் இங்கனயே நின்னு சொல்றேங்க. வாத்தியாரய்யா செய்யட்டும்.”

என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கேள்வி இருந்தது. பதில் சொல்ல வேண்டியவள் நான்தான்.

“அடுப்புல இருக்கிறது அங்க நின்னா எப்படித் தெரியும்? உள்ள வாங்கண்ணே.”

அண்ணே என்று சொல்ல வேண்டும் என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை. வாய் சொல்லிவிட்டது. ராமையா காலைச் சாக்கில் அழுத்தித் துடைத்துவிட்டு உள்ளே வந்தார்.

முதலில் அவர் செய்தது, ஒரு பானைத் தண்ணீரைக் காயவைத்தது.

“இது எதுக்கு?” என்றார் என் வீட்டுக்காரர்.

“லீக்ஸ் கழுவுறதுக்குங்க. மடிப்புக்கு மடிப்பு மண்ணு இருக்கும், ஒவ்வொரு ஏடாப் பிரிச்சுக் கழுவணும். இந்தக் குளிர்ல பச்சத் தண்ணியில கழுவுனா கை வெறச்சுப் போயிருமுங்க. அங்கம்மாவுக்குக் கொழுந்து கிள்ளவே வெரல் மடங்காது.”

இவர் குடத்துத் தண்ணீருக்குள் கையை விட்டார். சிறிது நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“இதுலயா பத்து வருஷமாக் கழுவிக்கிட்டிருந்தே?”

“பதினொண்ணு” என்றேன்.

அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். லீக்ஸை எடுத்து ஏடு ஏடாகப் பிரிக்க ஆரம்பித்தார்.

ராமையா தினமும் வந்துபோன இரண்டு வாரமும் எங்கள் வீட்டில் நடந்ததைப் பார்க்க டிக்கெட் வைத்திருக்கலாம். வாத்தியார் மாணவராகிவிட்டார்.

“உப்பு எவ்வளவு?”

“தேவையான அளவுங்க.”

“தேவைன்னா எவ்வளவு?”

“அது கை சொல்லுமுங்க.”

“என் கை இன்னும் பேச ஆரம்பிக்கலையே ராமையா!”

கடைசியில் அவர் சாக்பீஸை எடுத்து அடுப்பங்கரைக் கதவின் பின்பக்கம் அளவுகளை எழுதிவைத்தார். அரிசி ஒரு டம்ளர். உருளைக்கிழங்கு மூன்று, நடுத்தரம். லீக்ஸ் ஒன்று, பச்சையும் சேர்த்து. இரண்டு பேருக்கு. நாலு பேர் கணக்கிலிருந்து இறங்க என் கைக்கு ஒரு வாரம் ஆயிற்று, அவர் ஒரே நாளில் இரண்டு பேர் கணக்கைக் கதவில் எழுதிவிட்டார்.

ராமையா கற்றுக்கொடுத்த ஒவ்வொன்றும் குளிருக்கென்றே செய்த உபாயம். கோதுமை மாவில் தேங்காய்ப்பூவும் பச்சைமிளகாயும் போட்டு, வெந்நீர் தெளித்துப் பிசைந்தால் ரொட்டி விறைக்காது. கொள்ளை வேகவைத்த தண்ணீரில் மிளகு தட்டிப் போட்டு ரசம் வைத்தால் காது மடல்வரை சூடு ஏறும். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சியை, மிலார் என்பார்கள், முதல்நாளே அடுப்பின் மேல் அடுக்கிவைத்தால் காலையில் புகையாமல் எரியும். தோசை மாவுப் பானையைக் கம்பளியில் சுற்றி, தணல் அணைந்த அடுப்பின் ஓரம் வைத்தார். மறுநாள் காலையில் மாவு பொங்கித் தட்டைத் தள்ளிக்கொண்டு நின்றது. இந்த மலையில் பதினொரு மார்கழி கண்ட நான் அதைப் பார்த்துக் கைதட்டினேன், மாவுக்கட்டை மறந்து. வலியில் உயிர் போயிற்று.

ஒருநாள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே ராமையா கேட்டார், “அய்யா, எனக்கு ஒரு மனு எழுதித் தருவீங்களா?” இந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர். பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டது, இடையில் சில வருஷம் இங்கே இருந்ததற்கு அத்தாட்சி இல்லையென்று திரும்பி வந்துவிட்டதாம். “எங்கிட்டு போயிருப்பேன்? இந்தா, இந்த மலையிலதான் கெடந்தேன்” என்றார், கோபமில்லாமல். இவர் மூன்று பக்கம் எழுதிக்கொடுத்தார். இன்றுவரை பதில் இல்லை. இவர்களில் யார் இங்கே, யார் அங்கே என்று இரண்டு அரசாங்கங்களும் பேசிக்கொண்டிருக்கின்றன. கப்பலேறி வந்த எனக்கு ஒரு நாடு கையில் இருக்கிறது. இங்கே பிறந்தவருக்கு எதுவும் இல்லை. அந்த மனிதர்தான் என் வீட்டு அடுப்பை எரியவைத்தார். அன்றிலிருந்து இவர் அவரை வாங்க, போங்க என்றுதான் பேசுகிறார்.

6

சமைப்பது ஒன்று, சாப்பிடுவது இன்னொன்று. வலது கை கட்டுக்குள் இருந்தது. இடது கையால் சாப்பிட எனக்குக் கூச்சம், ஸ்பூனும் பழக்கமில்லை. கூடத்தில் உட்கார்ந்தால் ஆறிவிடும் என்று அவர் அடுப்பங்கரையிலேயே இரண்டு தட்டு வைத்தார். சோற்றைப் பிசைந்து, உருட்டி, என் இடது உள்ளங்கையில் வைத்தார்.

“யாராவது பார்த்தா என்ன சொல்வாங்க?”

“இங்க யாரு பாக்கப் போறா? சாப்பிடு, ஆறிடும்.”

கல்யாணமாகி இருபது வருஷத்தில் அன்றைக்குத்தான் அவரோடு சேர்ந்து சூடாகச் சாப்பிட்டேன்.

தினமும் அடுப்பெதிரே ஒருமணி நேரம் உட்கார்ந்தால் மனிதர்கள் பேசித்தானே ஆக வேண்டும்? நாலாம் வாரம் ஒரு சாயங்காலம், மூன்று மணிக்கு விடுகிற பள்ளிக்கூடத்திலிருந்து ஏன் ஆறு மணிக்கு வந்துகொண்டிருந்தார் என்று கேட்டுவிட்டேன்.

நெருப்பைக் கிளறிக்கொண்டே சொன்னார். “பிள்ளைங்களை விட்டுட்டு வந்த வாரம் ஒருநாள் சீக்கிரம் வந்தேன். நீ உள்ள அழுதுக்கிட்டிருந்தே. என்ன சொல்றதுன்னு தெரியலை. வாசல்லருந்தே திரும்பிப் போயிட்டேன். அப்புறம் தினமும் பயமா இருந்துச்சு. பள்ளிக்கூடத்துல உக்காந்து நோட்டுத் திருத்துவேன். திருத்துன நோட்டையே திருத்துவேன்.”

இரண்டு வருஷமாக அவருக்கு நான் வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன். அவர் மூன்று மணிநேரம் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்.

“நான் ஊருக்குப் போகலை” என்றேன்.

“அண்ணாவுக்கு என்ன எழுதுறது?”

“நானே எழுதுறேன். கை சரியாகட்டும்.”

மாவுக்கட்டைப் பிரித்தபிறகும் அவர் அடுப்பங்கரையை விட்டுப் போகவில்லை. காலைச் சமையல் என்னுடையது, சாயங்காலம் அவருடையது என்று ஆயிற்று. அவர் வைக்கும் கொள்ளு ரசத்தின் பக்கத்தில் என்னுடையது நிற்காது. பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

7

பங்குனியில் அனுமதி புதுப்பிக்கக் கொழும்பு போனோம். அலுவலகத்துக்கு வெளியே மனு எழுதுகிறவர், எனக்கான காரணத்தை வழக்கம்போல் எழுதிக்கொடுத்தார். கணவருக்குச் சமைத்துப்போட வேறு ஆள் இல்லாதபடியால் மனைவி தங்க அனுமதிக்க வேண்டும். எல்லோருக்கும் அதைத்தான் எழுதுவாராம்.

அந்த வருஷம் அதிகாரி புதியவர், சிங்களவர். கொஞ்சம் தமிழ் பேசினார். மனுவைப் படித்துவிட்டு அவரை விட்டு என்னிடம் கேட்டார். “பிள்ளைங்க இந்தியாவில. நீங்களும் போகலாம்தானே?”

“இங்கதான் இருக்கணுமுங்க” என்றேன்.

“சரி, நீங்க போனா இவருக்கு யார் சமையல்?”

எனக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பதல்ல. அந்த நிமிஷம் யோசிக்கத் தோன்றவில்லை. “அவரே நல்லாச் சமைப்பாருங்க” என்று சொல்லிவிட்டேன்.

சொன்னபிறகுதான் உறைத்தது. அதிகாரி மனுவை மறுபடி பார்த்தார். பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார்.

“இதில வேற மாதிரி எழுதியிருக்கு. இவர் சமைக்கிறார்னா, நீங்க எதுக்கு?”

என் கை கால் எல்லாம் சில்லிட்டுவிட்டன. கொழும்பின் வெக்கையில், பங்குனி மாதத்தில்.

என் வீட்டுக்காரர் நாற்காலியில் கொஞ்சம் முன்னால் நகர்ந்தார். பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லும் குரல்கூட இல்லை, வீட்டில் பேசும் குரல்.

“சமைக்கிறதுக்கு ஒரு ஆள் போதுமுங்க. சாப்பிடத்தான் ரெண்டு பேர் வேணும்.”

அதிகாரி அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. பக்கத்து மேஜைக் குமாஸ்தாவிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். குமாஸ்தா முத்திரையை எடுத்துக் கொடுத்தார். என் பாஸ்போர்ட்டில் ஒரு வருஷம் விழுந்தது.

படியிறங்கும்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. “சிங்களத்துல என்ன சொன்னாரு?” என்று கேட்டேன்.

அவர் படியிலேயே நின்றார். கண் கலங்கியிருந்தது, முகத்தில் சிரிப்பும் இருந்தது.

“இவங்கள்ல ஒருத்தரை அனுப்பினா ரெண்டு பேரும் பட்டினி கெடப்பாங்கன்னு சொன்னார்.”